மூன்றாம் மாடி நாற்காலி

செண்பகவல்லி பட்டு மாளிகையின் மூன்றாம் மாடிக்கு நாற்காலி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ராகுகாலம் தொடங்குவதற்கு முன்பாக.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் தியாகராய நகருக்கு எதுவும் சீக்கிரம் வந்து சேர்வதில்லை. சட்டமும் பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். வந்து சேர்ந்தபோது மாடிக்கு ஒன்று என்ற கணக்கில் நாற்காலிகளாக வந்தது. சிவப்பு மெத்தை, பித்தளைக் குமிழ் வைத்த கைப்பிடிகள், மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. நான்கு கால்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

தேவானைக்கு அது தனக்காகவே வந்ததாகத் தோன்றியது. அவள் மூன்றாம் மாடியில் கல்யாணப் பட்டுப் பிரிவில் சேலை விரித்துக் காட்டுகிறவள். கடை திறக்கும் முன்பே வந்து, கடை மூடிய பிறகு விரித்த சேலைகளையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டுப் போகிறவள். இடையில் நிற்பாள். இடது காலில் நரம்புகள் பச்சைப் பாம்புகள் மாதிரி புடைத்து, கணுக்காலுக்கு மேலே ஒரு புண் திறந்திருந்தது. அரசு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்படி நின்னுட்டே இருந்தா இது ஆறாதும்மா. அப்பப்ப உட்காரணும். இல்லன்னா ஒருநாள் நிக்கவே முடியாமப் போயிடும்."

உட்காராவிட்டால் நிற்க முடியாது; நிற்க முடியாவிட்டால் வேலை இல்லை; வேலை இல்லாவிட்டால் மகள் தமிழ்நிலாவுக்குக் காலேஜ் இல்லை. தேவானைக்கு இந்த வரிசை நன்றாகப் புரிந்திருந்தது.

அதுவரை கடையில் ஊழியர்களுக்கென்று இருந்த ஒரே இருக்கை, சரக்கு லிப்ட்டுக்குள் இருந்த அம்மாசியின் ஸ்டூல்தான். அம்மாசி லிப்ட்டை இயக்குகிறவர். கால் வலி தாங்காத பெண் ஐந்தாம் மாடிக் கிடங்கில் ஒரு சேலை எடுக்க வேண்டும் என்று கிளம்புவாள். கதவு மூடியதும் அம்மாசி எழுந்துகொள்வார். அவள் உட்காருவாள். கதவு திறக்கும்போது அவள் நின்றிருப்பாள், அவர் உட்கார்ந்திருப்பார். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அந்த லிப்ட் ரொம்ப மெதுவாகப் போகிறது என்று முதலாளிக்கு ஒரு குறை உண்டு. பெண்கள் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

நாற்காலிகளின் திறப்பு விழாவுக்கு 'உட்காரும் உரிமை விழா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்காக எல்லா ஊழியர்களும் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக வரவேண்டும் என்று உத்தரவு. தரைத்தளத்தில் மேடை போட்டு, மேடைமேல் முதலாளி, அவருடைய மைத்துனர், பணியாளர் நல ஆலோசகர் ஸ்ரீநாத் ஆகியோர் சோபாவில் அமர்ந்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் நாற்காலிகள் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக அமர்ந்திருந்தன. ஊழியர்கள் நின்றிருந்தார்கள்.

முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"நான் இந்த ஊருக்கு வந்தப்ப எனக்கு உட்கார ஒரு இடம் இல்ல. இன்னைக்கு எனக்கு ஊரெல்லாம் கடை. ஒவ்வொரு கடையிலயும் எனக்கு ஒரு ரூம். ஒவ்வொரு ரூம்லயும் ஒரு சுழல் நாற்காலி. இதெல்லாம் எப்படி வந்துச்சு? நீங்க நின்னதால வந்துச்சு! அந்த நன்றிய நான் மறக்க மாட்டேன். நீங்களும் மறந்துடாம தொடர்ந்து நிக்கணும்."

மைத்துனர் கைதட்டினார். ஊழியர்களும் தட்டினார்கள்.

அடுத்து ஸ்ரீநாத். மயிலாப்பூரில் ஒரு ஏசி அறையில் 'மகிழ்வான பணியிடம்' என்ற நிறுவனத்தை நடத்துகிறவர். மென்மையான குரல். "வேர்ல்டு லெவல்ல என்ன சொல்றான்னா, நிக்கறதுங்கறது ஒரு மைண்ட்செட். வலி கால்ல இல்லை. காலைப் பத்தி நாம நெனைச்சிண்டே இருக்கோமே, அங்க இருக்கு. இப்ப எல்லாரும் கண்ணை மூடிண்டு, மனசுக்குள்ள உட்காருங்கோ பாப்போம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். இரண்டாம் மாடிச் சுடிதார் பிரிவில் வேலை செய்கிற பெண் ஒருத்தி மனசுக்கு வெளியே சரிந்து விழுந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். பக்கத்திலிருந்தவர்கள் அவளைத் தூக்கி ஒரு நாற்காலியில் சாய்க்கப் போனார்கள். மூன்றாம் மாடி மேலாளர் குருபிரசாத் ஓடி வந்தார்.

"அதுல வேணாம், அதுல வேணாம்! இன்னும் ரிப்பன் கட் பண்ணல!"

அவளைத் தரையில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ரிப்பன் வெட்டப்பட்டது. 'நான் உட்காருவேன், பிறரையும் உட்கார ஊக்குவிப்பேன்' என்று எல்லோரும் நின்றபடி உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். பிறகு கடை திறந்தது.

அன்று மத்தியானம் கால் கொதிக்கத் தொடங்கியபோது தேவானை குருபிரசாத்திடம் போனாள்.

"சார், ஒரு அஞ்சு நிமிசம் உக்காந்துக்கவா?"

"தாராளமா. உங்களுக்காகத்தானே வாங்கியிருக்கு." குருபிரசாத் கெட்டவர் அல்ல. அவரும் நின்றுகொண்டிருந்தவர்தான். "ஆனா கஸ்டமர் யாரும் இல்லாத நேரமாப் பாத்து உக்காரணும். கஸ்டமர் நிக்கறப்ப நாம உக்காந்தா மரியாதையா இருக்காது."

தேவானை மாடியைப் பார்த்தாள். முகூர்த்த மாதம். ஒரு கல்யாணக் கூட்டம் இறங்கும்போது இன்னொரு கல்யாணக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

"கஸ்டமர் எப்ப சார் இருக்க மாட்டாங்க?"

"கடை மூடினப்புறம்."

"அப்ப சேலை மடிக்கணுமே சார்."

"அதான் பாரு," என்றார் குருபிரசாத், அவளுடைய கஷ்டத்தில் தானும் பங்குகொள்கிறவராக.

மறுநாளிலிருந்து நாற்காலியில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். எல்லோரும் வாடிக்கையாளர்களின் கணவர்கள். பட்டுக்கடைக்கு மனைவியோடு வந்த ஆண்மகனுக்கு நாற்காலி எங்கே இருக்கிறது என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். நங்கநல்லூரிலிருந்து வந்த ஒரு மாமா பிளாஸ்டிக் உறையோடு அதில் அமர்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தேவானை ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றுவதைக் கொஞ்ச நேரம் கவனித்தவர் பேப்பரை மடித்தார்.

"ஏம்மா, கால் வலிக்கறதா? வா, நீ செத்த உக்காந்துக்கோ. எங்காத்து மாமி இன்னும் அரக்குலயே நின்னுண்டிருக்கா. மாம்பழக் கலருக்கு வர சாயங்காலம் ஆயிடும்."

அவர் எழுந்தே விட்டார். தேவானை ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் குருபிரசாத் இருவருக்கும் நடுவில் பாய்ந்துவிட்டார்.

"சார் சார், நீங்க எழுந்துக்கலாமா? சாருக்கு காபி கொண்டாங்கப்பா!"

"நான் எழுந்துண்டா உங்களுக்கென்னய்யா?"

"நீங்க நின்னு, இவங்க உக்காந்து, அதை ஓனர் கேமராவுல பாத்தா எனக்கு வேலை போயிடும் சார்."

மாமா பெருமூச்சு விட்டுத் திரும்ப உட்கார்ந்தார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு தேவானையின் முகத்தைப் பார்க்காமல் குடித்தார்.

அதற்கடுத்த வாரம் ஸ்ரீநாத் கடையைச் சுற்றிப்பார்த்து, 'இருக்கை வரைபடம்' ஒன்று தயாரித்தார். மாடிக்கு ஒன்று என்று எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுதான் உதைத்தது. லிப்ட் எந்த மாடியிலும் சேராது. ஆனால் அதற்குள் ஒரு ஸ்டூல் இருந்தது.

"இது அன்ஆத்தரைஸ்டு இருக்கை," என்றார் ஸ்ரீநாத்.

"நான் சேர்ந்த காலத்துலேர்ந்து கீது சார் அது," என்றார் அம்மாசி.

"அதான் பிரச்சனையே. இத்தனை நாளா யார் யார் உட்கார்ந்தாளோ, எதுக்கும் கணக்கு இல்லை."

ஸ்டூலை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று மாலை தேவானை லிப்ட்டில் ஏறியபோது அம்மாசி நின்றிருந்தார். கதவு மூடியது. இருவரும் நின்றபடி ஐந்தாம் மாடிக்குப் போனார்கள்.

"நாக்காலி வந்துச்சு, ஸ்டூல் போச்சு," என்றார் அம்மாசி. "கட்டில் வந்தா இன்னா போவுமோ."

தேவானைக்குச் சிரிப்பு வரவில்லை. புண்ணைச் சுற்றிக் கட்டியிருந்த துணி நனைந்திருந்தது.

இந்த நிலையில் நாற்காலிகளைப் பார்க்கத் தொழிலாளர் துறை ஆய்வாளர் வருவதாகச் செய்தி வந்தது. ஆய்வாளர் ஜவஹர், ஓய்வுபெறச் சில மாதங்களே இருப்பவர். அவர் வரும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் உட்கார்ந்து காட்ட வேண்டும். மற்றவர்கள் நாற்காலியின் பக்கமே போகப் பயந்தார்கள். "நீதானே கேட்டுக்கிட்டே இருந்தே? இப்ப உக்காரு," என்று குருபிரசாத் தேவானையைத் தேர்ந்தெடுத்தார். உட்காருவதற்கு ஸ்ரீநாத் அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்.

"முதுகு சாயக் கூடாது. ரெண்டு பாதமும் தரையில சேர்ந்து இருக்கணும். மடியில ஒரு சேலை. நீங்க சுகமா உட்காரக் கூடாது, சந்தோஷமா உட்காரணும். ரெண்டும் வேற. சுகம் வந்தா உடம்பு தளரும். சந்தோஷம் வந்தா முகம் மலரும்."

"உக்காந்து பாக்கட்டா சார்?"

"இப்ப வேணாம். மெத்தை கசங்கிடும்."

ஆய்வாளர் காலையில் வருவதாக இருந்தது. தேவானை காலையிலிருந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள். எந்த நிமிஷமும் வரலாம் என்பதால் சாப்பாட்டுக்கும் அனுப்பவில்லை. பிளாஸ்டிக் உறையைக் கழற்றியிருந்தார்கள். சிவப்பு மெத்தை வெளிச்சத்தில் பளபளத்தது. ஆய்வாளர் நாலு மணிக்கு வந்தார். கூடவே முதலாளியும் வந்தார். குருபிரசாத் கண்ணைக் காட்டினார்.

தேவானை உட்கார்ந்தாள்.

"இங்க எத்தனை வருஷமா வேலை செய்யறீங்கம்மா?" என்று ஜவஹர் கேட்டார்.

தேவானையின் தலை மெல்ல முன்னால் சாய்ந்தது.

"யோசிக்கறாங்க சார்," என்றார் குருபிரசாத்.

மெல்லிய ஒரு குறட்டை கேட்டது.

"யோசிச்சா இந்தச் சத்தம் வருமா?"

"இது ஆழ்ந்த பணித்திருப்தி சார்," என்றார் ஸ்ரீநாத். "வெளிநாட்டுலல்லாம் இதை அளக்கறதுக்கு மெஷினே வெச்சிருக்கா."

குருபிரசாத் அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார். ஜவஹர் தடுத்தார். "எழுப்பாதீங்க. உட்கார்ந்திருக்கறவங்கள எழுப்பினா, உட்கார விடலன்னு ஆயிடும். நான் இங்க இருக்கறப்ப அப்படி ஒரு குத்தம் நடக்கக் கூடாது. அவங்களே எழுந்திருக்கட்டும். எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க."

யாரும் அசையவில்லை. மாடிக்கு ஒரு நாற்காலி. அந்தந்த மாடி நாற்காலி அந்தந்த மாடியை விட்டு நகரக் கூடாது என்பது விதி. வாடிக்கையாளர் சோபாக்களில் மூன்று கல்யாணங்கள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தன. ஆய்வாளர் நின்றார். அவர் நிற்பதால் முதலாளியும் நின்றார். கடை ஆரம்பித்த பிறகு முதலாளி அத்தனை நேரம் தொடர்ந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. அவர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் செருப்புகளைப் பார்த்தார். பிறகு தேவானையை, தன்னிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என்ன இப்படி அசந்து தூங்கறாங்க?" ஜவஹர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

சேலைக் கட்டோடு வந்து நின்ற அம்மாசிதான் பதில் சொன்னார். "விடியறதுக்கு மின்னாடியே எய்ந்து தண்ணி புடிச்சிட்டு, ரெண்டு பஸ் மாறி வருது சார் அது. மின்ன அடையாறு ஆத்தங்கரையாண்ட குடியிருந்துச்சு. இப்ப குடிசைங்கள இடிச்சிட்டு ஊருக்கு வெளிய கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க."

"வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவாங்க?"

எல்லோரும் குருபிரசாத்தைப் பார்த்தார்கள். குருபிரசாத் கூரையிலிருந்த சரவிளக்கைப் பார்த்தார். "வேலை முடிஞ்சதும் போயிடுவாங்க சார்."

ஜவஹர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். முழங்கால் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "என்னால இதுக்கு மேல நிக்க முடியலங்க. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க," என்றார்.

கண் விழித்ததும் வேலை போய்விட்டது என்றுதான் தேவானை நினைத்தாள். போகவில்லை. உயர்ந்திருந்தது. 'மூன்றாம் மாடியில் ஊழியர் தேவானை உட்கார்ந்திருக்கக் கண்டேன்' என்று ஆய்வாளர் எழுதிவிட்டுப் போயிருந்தார். அவள் எழுந்தால் அது பொய்யாகிவிடும். அரசாங்கத்திடம் பொய் சொல்கிற கடை அல்ல செண்பகவல்லி பட்டு மாளிகை. ஆகவே மறுநாளிலிருந்து தேவானை உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

காலையில் உட்காருவாள். கடை மூடும்வரை முதுகு சாயாமல், பாதங்கள் தரையில் சேர்ந்திருக்க, மடியில் சேலையோடு இருப்பாள். மூடிய பிறகு எழுந்து மற்றவர்களோடு சேலை மடிப்பாள். ஒரு குழந்தை அவளை பொம்மை என்று நினைத்துக் கன்னத்தைக் கிள்ளியது. உடன் வேலை செய்கிறவர்கள், "இன்னா மகாராணி, காபி சொல்லட்டா?" என்றார்கள். அவர்கள் கால்களும் வலித்துக்கொண்டிருந்தன. காலை ஒரு அட்டைப்பெட்டி மேல் தூக்கி வைத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். பயிற்சியில் அது இல்லை என்றார் குருபிரசாத். கீழேயே இருந்த கால் இரண்டு பங்கு வீங்கியது.

வார விடுமுறை நாளில் மருத்துவமனைக்குப் போனாள். அதே இளம் டாக்டர். கண்கள் சிவந்திருந்தன. முந்தின நாள் காலையிலிருந்து பணியில் இருப்பதாக நர்ஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கட்டைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"உட்காரச் சொன்னேனேம்மா?"

"உக்காந்துகினுதான் சார் கீறேன். கடை தொறந்ததுலேர்ந்து மூடற வரிக்கும் அதான் சார் என் வேலை."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கடை எப்போது திறக்கும், எப்போது மூடும், வீட்டுக்குப் போய்ப் படுக்க எத்தனை மணி ஆகும் என்று கேட்டார். விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நின்னாலும் சரி, உட்கார்ந்தாலும் சரி, நாள் பூரா கால் கீழயே இருந்தா ரத்தம் அங்கதான் தேங்கும். நாற்காலி மருந்து இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போங்க. போய்க் காலைத் தூக்கி வெச்சுப் படுங்க. இன்னும் ஒரு மாசம் இப்படியே போச்சுன்னா பாதத்தைக் காப்பாத்த முடியுமான்னு எனக்குத் தெரியாது."

"ஆறு மணிக்கா?" தேவானைக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ சிங்கப்பூருக்குப் போகச் சொன்னமாதிரி இருந்தது. "நீ எப்ப சார் வூட்டுக்குப் போவ?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் தேவானை முதலாளியின் அறைக்குப் போனாள். அந்த நேரத்துக்கு மட்டும் நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைக்க குருபிரசாத் ஏற்பாடு செய்தார். முதலாளி சுழல் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஸ்ரீநாத்.

தேவானை விஷயத்தைச் சொன்னாள். கட்டை அவிழ்த்தும் காட்டினாள். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இளகிய மனசு.

"நாற்காலி வந்த பிறகும் கால் வலி இருக்குன்னா, அது நாற்காலிக்கே அவமானம்," என்றார்.

"அப்படியில்ல சார்," என்றார் ஸ்ரீநாத். "நான் டேட்டா பார்த்தேன். பிரச்சனை வேலை நேரத்துல இல்லை. வீட்டுல இருக்கு. வீடு தூரம். போக வர ஆகற நேரம் இருக்கே, அதுதான் கால்ல இறங்கறது."

"அப்ப வீட்ட எடுத்துடுவோம்," என்றார் முதலாளி.

தனக்கு எவ்வளவு பெரிய யோசனை வந்திருக்கிறது என்பது முதலாளிக்கே மெல்லத்தான் புரிந்தது. அவர் கண்கள் ஈரமாயின. "கிடங்குல ஒரு கட்டில் போடுவோம். கடை மூடினதும் நாலு எட்டு வெச்சாப் படுக்கை. கடை திறக்கறப்ப நாலு எட்டு வெச்சா வேலை. பஸ் இல்ல, அலைச்சல் இல்ல. காலை எவ்வளவு உயரம் வேணும்னாலும் தூக்கி வெச்சுக்கட்டும். யாரு கேக்கப்போறா? இந்தக் கடையில நான் செய்யற புண்ணியம் இது."

"உறங்கும் உரிமை விழா," என்றார் ஸ்ரீநாத், மெதுவாக, பெயரைச் சுவைத்துப் பார்ப்பவராக. "வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாள். எல்லாரையும் மூணு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லிடலாம்."

"ஆறு மணிக்குப் போலாமான்னு கேட்டேன் சார்," என்றாள் தேவானை.

"அதான் சொல்றேனேம்மா," என்றார் முதலாளி அன்போடு. "இனிமே நீ போகவே வேணாம்."

அவள் மூன்றாம் மாடிக்குத் திரும்பினாள். பொம்மையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த மாடியில் ஜன்னல் கிடையாது, கடிகாரமும் கிடையாது. பட்டுக்கு வெளிச்சம் ஆகாது, வாங்க வந்தவர்களுக்கு நேரம் தெரியக் கூடாது. நிறைய நேரம் கழித்து, சேலைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

"மணி இன்னாம்மா?"

"ஆறு ஆகப்போறது."

தேவானை மடியிலிருந்த சேலையை மடித்து மேஜைமேல் வைத்தாள். எழுந்தாள்.

"எங்க?" என்றார் குருபிரசாத்.

"வூட்டுக்கு சார்."

"யாரைக் கேட்டு? ஓனர் கட்டிலே ஆர்டர் பண்ணிட்டாரு. தேவானை, சொன்னாக் கேளு. போனா திரும்பி உள்ள விடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. நாற்காலி காலியா இருக்கு, மேல கேமரா ஓடுது!"

"நீ வோணா உக்காரு சார்," என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை. "நீயும் காலைலேர்ந்து நின்னுகினுதான் கீற."

குருபிரசாத் நாற்காலியைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். அவள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள், ஒவ்வொரு படியிலும் இடது காலைப் பின்னால் கொண்டுவந்து சேர்த்து.

வாசலில் காவலாளி காதர் அவளைத் தடுத்தான். கெட்ட சேதிக்கல்லாமல் அந்த நேரத்தில் ஊழியர் யாரும் அந்த வாசலைத் தாண்டிப் போனதில்லை.

"இன்னாக்கா, வூட்ல யாருக்காச்சும் எதுனாவா?"

"ஒண்ணுமில்ல காதர். மணி ஆறு."

வெளியே வெயில் இன்னும் இருந்தது. இந்தத் தெருவுக்கு மாலை வெயில் வரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கரும்புச்சாறு வண்டிமேல், பூக்காரியின் கூடைமேல், மேம்பாலத்தின் தூண்கள்மேல் எல்லாம் அது சாய்ந்து கிடந்தது. பஸ்ஸில் நெரிசல். உட்கார இடமில்லை. இரண்டு பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.

கதவைத் திறந்த தமிழ்நிலாவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவை அந்த நேரத்தில் அவள் வீட்டில் பார்த்ததே இல்லை.

"இன்னாம்மா, வேலை போய்ச்சா?"

"தெர்ல. காத்தாலதான் தெரியும்." தேவானை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்தாள். "தலகாணி எடு."

தமிழ்நிலா ஒன்றைக் கொண்டுவந்து தலைக்கு வைக்கப் போனாள்.

"தலைக்கு இல்ல," என்றாள் தேவானை. "காலுக்கு. இன்னொண்ணும் எடுத்தா."